‘எந்த உப்பு?’ என்று கேளுங்கள்

மருத்துவமனை வளாகத்தில் மிக அதிகப் பொருள்களைச் சுமந்து நிற்கும் தமிழ்ச் சொல் எது என்று எங்களைக் கேட்டால், ‘உப்பு’ என்றே விடை சொல்வோம். இரத்தத்தில் கிரியேட்டினின் கூடினால் ‘உப்பு ஏறிவிட்டது’ என்பது வழக்கம். யூரியா கூடினாலும் அதே சொல்தான். சிறுநீரில் புரதம் வெளியேறினால் ‘உப்புச் சத்து போகிறது’. கர்ப்பிணியின் கால் வீங்கினால் ‘உப்பு நீர்’. முதியவர் ஒருவர் சோடியம் குறைந்து தடுமாறினால் ‘உப்பு இறங்கிவிட்டது’. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எழுதித் தரும்போதோ ‘உப்பைக் குறையுங்கள்’ என்ற அறிவுரை.

பொருள்கள் வேறு வேறு. பெயர் மட்டும் ஒன்று. அன்றாடப் பேச்சில் இத்தகைய நெகிழ்வு இயல்பானதே. சொல்லைத் திருத்தும் இலக்கண ஆர்வத்தால் நாங்கள் இதை எழுதவில்லை. இந்த ஒரு சொல்லின் குழப்பத்தால் நோயாளிகளுக்குத் தீங்கு நேர்கிறது. நீண்டகாலச் சிறுநீரக நோய், இதய நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றுடன் வாழ்வோரும் அவர்களைப் பேணுவோரும், பள்ளிப் பாடத்தில் ஒரு காலத்தில் படித்து மறந்த இரண்டு செய்திகளை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஒன்று, அயனி என்றால் என்ன என்பது. மற்றொன்று, சேர்மம் என்றால் என்ன என்பது. இவ்வளவு வேதியியல் போதும். ஆனால் இவ்வளவாவது வேண்டும்.

குழப்பம் எங்கே கொண்டுபோய் விடுகிறது?

மூன்று நிலைமைகளை எண்ணிப் பாருங்கள். மூன்றும் சிறுநீரகப் பிரிவிலும் இதயப் பிரிவிலும் அடிக்கடி காணப்படுபவை.

முதலாமவர், கிரியேட்டினின் கூடியவர். ‘உங்களுக்கு உப்பு அதிகம்’ என்று கேள்விப்பட்டதும், சாப்பாட்டில் உப்பை அடியோடு நிறுத்திவிடுகிறார். இனி அந்த ‘உப்பு’ இறங்கிவிடும் என்று நம்புகிறார். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரை மட்டும் தொடர்கிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது அந்த மாத்திரையாக இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. ஏனெனில் அதில் உப்பு இல்லையே!

இரண்டாமவர், இதயம் வலுவிழந்தவர். உப்பைக் குறைக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அடுத்த முறை வந்த பரிசோதனை அறிக்கையைப் பார்த்து ‘உப்பு குறைந்திருக்கிறது’ என்கிறார்கள். குறைத்ததால்தான் குறைந்தது என்று வீட்டார் முடிவு கட்டி, ஊறுகாயும் உப்பிட்ட மோரும் கொடுக்கத் தொடங்குகிறார்கள். சில நாள்களில் கால் வீங்குகிறது; படுத்தால் மூச்சு முட்டுகிறது.

மூன்றாமவர், சிறுநீரகத் திறன் குறைந்தவர். சாதாரண உப்பு ஆகாது என்பதால், ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று அச்சிட்ட பாக்கெட்டை அக்கறையுள்ள மகனோ மகளோ வாங்கி வருகிறார்கள். மூவரில் மிகப் பெரிய ஆபத்தில் இருப்பவர் இவரே.

மூவரின் வீட்டிலும் அன்புக்குக் குறைவில்லை. கவனத்துக்கும் குறைவில்லை. ‘எந்த உப்பு?’ என்ற ஒரு கேள்வி மட்டுமே அங்கே எழவில்லை.

அணு வேறு, அயனி வேறு

சோடியம் ஓர் உலோகம். கத்தியால் வெட்டும் அளவுக்கு மென்மையானது. நீரில் இட்டால் சீறி எரியும். குளோரின் பசுமஞ்சள் நிற நச்சு வாயு. முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்து உருவாகும் சேர்மத்தைத்தான் நாம் நாள்தோறும் சோற்றில் கலந்து உண்கிறோம். இது எப்படி இயலும்?

சோடியம் அணுவின் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான் தனித்து நிற்கிறது. குளோரின் அணுவின் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரானுக்கு இடம் காலியாக இருக்கிறது. முன்னது கொடுக்கிறது; பின்னது பெறுகிறது. எதிர்மின் சுமையுள்ள எலக்ட்ரானை இழந்ததால் சோடியம் நேர்மின் அயனியாகிறது. அதைப் பெற்றதால் குளோரின் எதிர்மின் அயனியாகிக் குளோரைடு என்ற பெயரை ஏற்கிறது. ஒரே ஓர் எலக்ட்ரான் இடம் மாறியதில் இரண்டின் குணமும் அடியோடு மாறிவிட்டது. எரியும் உலோகமும் இல்லை. நச்சு வாயுவும் இல்லை. எதிரெதிர் சுமைகள் ஒன்றையொன்று ஈர்த்து வரிசையாக அடுக்கி நிற்பதே சோடியம் குளோரைடு என்னும் உப்புப் படிகம்.

அந்தப் படிகத்தை நீரில் இட்டால் அயனிகள் பிரிந்து தனித்தனியே உலவத் தொடங்குகின்றன. 1834 ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே இவற்றுக்கு ‘அயன்’ என்று பெயர் சூட்டினார். செல்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. மின்சாரத்தைச் சுமந்து செல்வதே இவற்றின் வேலை. உப்பு நீரில் மின்சாரம் பாய்வது இதனால்தான். சர்க்கரை நீரில் அவ்வாறு பாய்வதில்லை. சர்க்கரையும் நீரில் கரைகிறதேயன்றி அயனிகளாகப் பிரிவதில்லை.

இந்த வேறுபாட்டைக் கொண்டே உங்கள் பரிசோதனை அறிக்கையை இரண்டாகப் பிரித்துப் படிக்கலாம். சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட், கால்சியம் ஆகியவை அயனிகள். அறிக்கையில் ‘எலெக்ட்ரோலைட்ஸ்’ என்ற தலைப்பின்கீழ் பெரும்பாலும் இவற்றைக் காண்பீர்கள். யூரியாவும் கிரியேட்டினினும் அந்த வகையைச் சேர்ந்தவையல்ல. யூரியா, நாம் உண்ணும் புரதம் சிதைவதால் கல்லீரலில் உருவாகும் சேர்மம். கிரியேட்டினின், தசைகளின் அன்றாட இயக்கத்தில் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் தளர்ந்தால் இவை இரத்தத்தில் தேங்குகின்றன. உப்பைத் தின்றதால் இவை கூடவில்லை. உப்பை நிறுத்துவதால் மட்டும் இவை இறங்கவும் மாட்டா. சிறுநீரில் போகும் ஆல்புமின், இவை எவற்றையும் சேராத ஒரு புரதம்.

சிறுநீரக நோயில் உப்பைக் குறைப்பது அவசியமே. இரத்த அழுத்தத்தையும் வீக்கத்தையும் கட்டுக்குள் வைப்பதற்காக அதைச் சொல்கிறோம். கிரியேட்டினினைக் கரைப்பதற்காகச் சொல்வதில்லை.

பொட்டாசியத்தின் கணக்கு

‘சோடியம் குறைந்த உப்பு’ என்ற பாக்கெட்டில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது என்ன? சுவை கெடாமல் இருக்க, சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை நீக்கிவிட்டுப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். இது தன்னளவில் கெட்ட பொருளன்று. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021 இல் வெளிவந்தது. முன்பே பக்கவாதம் கண்டவர்களும், இரத்த அழுத்தமுள்ள முதியவர்களும் அதில் பங்கேற்றார்கள். நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இத்தகைய உப்பை வயதுவந்தோருக்குப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகத் திறன் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரை அந்தப் பரிந்துரையிலிருந்து விலக்கியே வைத்தது. அந்த விலக்கு பாக்கெட்டை வாங்குபவரின் கண்ணில் படுவதில்லை என்பதே எங்கள் கவலை.

ஏன் விலக்கு? ஒரு சிறு கணக்கு விடை சொல்லும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 130 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதில் நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பங்கு செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. செல்களுக்கு வெளியே, இரத்தத்திலும் திசுநீரிலும் இருப்பது மொத்தம் இரண்டரை கிராம் அளவே. நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பை நாளொன்றுக்கு 5 கிராம் உண்டால், அதிலிருந்து மட்டும் ஏறத்தாழ 650 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளே வருகிறது. அதாவது, வெளியே உள்ள மொத்த அளவில் கால் பங்கு. நலமுள்ள சிறுநீரகம் இதைச் சிரமமின்றி வெளியேற்றிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் இயலாது. பழம், கீரை, இளநீர் ஆகியவற்றிலிருந்து வரும் பொட்டாசியத்தோடு இதுவும் சேர்ந்து மெல்ல மெல்ல ஏறும்.

இதயத்துடிப்பு ஒரு மின் நிகழ்ச்சி. செல்லின் சுவரில் உள்ள ஒரு புரதம், மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்தபடி ஓயாது இயங்குகிறது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957 இல் இதைக் கண்டறிந்து, 1997 இல் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த உள்–வெளி வேறுபாடே இதயத் தசையின் மின்னழுத்தத்துக்கு ஆதாரம். வெளியே பொட்டாசியம் கூடினால் வேறுபாடு குலைகிறது. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 6.5 ஐத் தாண்டினால், இதயம் தாளம் தவறி நின்றுவிடக்கூடும். வலி இராது, சிலருக்குக் கைகால் சோர்வு தோன்றும், பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றாது. அதனால்தான் ‘உடம்புக்கு ஒன்றுமில்லையே, எதற்கு மீண்டும் இரத்தப் பரிசோதனை?’ என்று கேட்பவர்களிடம் நாங்கள் விடாமல் வற்புறுத்துகிறோம்.

இங்கே இன்னொரு செய்தி. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகள் பொட்டாசியத்தைச் சற்று உயர்த்தக்கூடியவை. அவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் அவற்றோடு சோடியம் குறைந்த உப்பையும் சேர்ப்பதற்குமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

இந்துப்பைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதன் நிறமும் விலையும் வேறு. உள்ளிருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடு. இரத்த அழுத்தம் உள்ளவர் சாதாரண உப்பை எவ்வளவு குறைக்க வேண்டுமோ, இதையும் அவ்வளவு குறைக்க வேண்டும். மேலும், அயோடின் சேர்க்கப்படாத உப்பை மட்டுமே வீடு முழுவதும் பயன்படுத்துவது தைராய்டுக்கு நல்லதன்று.

சோடியம் என்பது ஒரு விகிதம்

இரண்டாம் நோயாளியிடம் திரும்புவோம். அவருடைய அறிக்கையில் சோடியம் 126 என்றிருக்கிறது. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. உடலில் உப்பு போதவில்லை என்றுதானே இதற்குப் பொருள் கொள்ளத் தோன்றும்?

அந்த எண், ஒரு லிட்டரில் எவ்வளவு சோடியம் என்று சொல்கிறது. உடலில் மொத்தம் எவ்வளவு என்று சொல்வதில்லை. ஒரு குவளை ரசத்தில் உப்பு சப்பென்று இருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: உப்பு குறைவாகப் போட்டிருக்கலாம், அல்லது தண்ணீர் கூடியிருக்கலாம். இதயம் வலுவிழந்தவரின் உடலில் பெரும்பாலும் இரண்டாவதே நடக்கிறது. அவர் உடலில் சோடியமும் தேவைக்கு மேல் தேங்கியிருக்கிறது. தண்ணீர் அதைவிடவும் கூடுதலாகத் தேங்கியிருக்கிறது. அவருக்கு ஊறுகாய் கொடுத்தால் மேலும் தாகம், மேலும் நீர், மேலும் வீக்கம். அவருக்குத் தேவை குடிநீரின் அளவைக் கட்டுப்படுத்துவதும் மருந்தைச் சீர்செய்வதும்.

இதே 126, கடும் வயிற்றுப்போக்கில் வாடியவருக்கு வந்தால் சிகிச்சை நேர்மாறானது. அவர் சோடியத்தையும் நீரையும் சேர்த்தே இழந்திருக்கிறார். சில வகை நீர் மாத்திரைகளால் சோடியம் குறைந்த முதியவருக்கு வழி வேறு. எண் ஒன்று, காரணங்கள் பல. ஆகவே ‘உப்பு குறைந்துவிட்டது’ என்ற சொல்லைக் கேட்டவுடன் உப்பைக் கையில் எடுக்காதீர்கள்.

‘குறைந்ததை ஒரே நாளில் ஏற்றிவிடக் கூடாதா?’ என்று உறவினர்கள் பொறுமையிழந்து கேட்பதுண்டு. பல நாள்களாகக் குறைந்த சோடியத்துக்கு மூளைச் செல்கள் தம்மைப் பழக்கிக்கொண்டிருக்கும். அதை விரைந்து ஏற்றினால் மூளையின் உட்பகுதி நிலையாகச் சிதையக்கூடும். அதனால் பொதுவாக 24 மணி நேரத்தில் 8 முதல் 10 அலகுகளுக்கு மேல் ஏறாதபடி பார்த்துக்கொள்கிறோம். அந்த நிதானம் சிகிச்சையின் ஒரு பகுதி, கவனக்குறைவு அன்று.

சரியான அளவு காப்பாற்றிய கதை

அயனிகளைச் சரியான விகிதத்தில் தருவது எத்தனை உயிர்களைக் காக்கும் என்பதற்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைவிடச் சிறந்த சான்று இல்லை. 1971 இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் எல்லையோரமான பங்காவ்ன் அகதிகள் முகாமில் காலரா பரவியது. சிரை வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலநபிஸ் உப்பும் சோடாவும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடம் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அந்த நீரைக் கொடுத்தவர்களில் பலர் நோயாளிகளின் தாய்மாரும் உறவினருமே.

அதன் சூட்சுமம் எளியது. குடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியம் அயனியும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. இன்றைய பாக்கெட்டில், ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட், 13.5 கிராம் குளுக்கோஸ் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவாகக் கலப்பதும், சுவைக்காகக் கூடுதல் சர்க்கரை சேர்ப்பதும் அந்த விகிதத்தைக் கெடுக்கும். பெரிய பாக்கெட்டும் சிறிய பாக்கெட்டும் வேறு வேறு அளவு நீருக்கானவை. உறையில் அச்சிட்ட அளவைப் பார்த்து, முழுப் பாக்கெட்டையும் கலக்குங்கள்.

நோயாளிக்கு ஏன் இந்தச் சுமை?

இதற்கு மறுப்பும் உண்டு. நோயோடு போராடுபவர் வேதியியலையும் படிக்க வேண்டுமா, அது மருத்துவரின் வேலையல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் நோயாளி எங்களோடு இருப்பது சில நிமிடங்கள். அடுப்படியோடும் மளிகைக் கடையோடும் இருப்பது மீதி நாள் முழுவதும். எந்த உப்பு வாணலியில் விழுகிறது என்பதை முடிவுசெய்பவர் மருத்துவர் அல்லர். மேலும், மக்களால் இதைக் கற்க இயலாது என்பதை நாங்கள் ஏற்கவில்லை. பள்ளிக்கூடம் போகாத பாட்டிகள்கூட ‘சாப்பிடும் முன் இவ்வளவு, சாப்பிட்ட பின் இவ்வளவு, மூன்று மாதச் சராசரி இவ்வளவு’ என்று தம் சர்க்கரையை ஒப்பிக்கிறார்கள். சர்க்கரைக்கு முடிந்தது சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் முடியும்.

எண்களைத் தெரிந்துகொண்டால் வீண் பயம் வரும் என்பது மற்றொரு மறுப்பு. அரைகுறையாகத் தெரிந்தால் வரும்; காரணத்தோடு தெரிந்தால் குறையும். இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால், அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம் கசிந்து எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். பொட்டாசியம் பெரும்பாலும் செல்லுக்குள்தான் இருக்கிறது என்று அறிந்தவருக்கு, ‘இன்னொரு முறை இரத்தம் எடுக்கிறோம்’ என்று சொல்வதன் காரணம் உடனே விளங்கும்.

எங்கள் வேண்டுகோள்

சிகிச்சை தருவோர் அனைவரும் ‘உப்பு’ என்று பொதுவாகச் சொல்வதைத் தவிர்த்து, ‘உங்கள் கிரியேட்டினின்’, ‘உங்கள் சோடியம்’, ‘உங்கள் பொட்டாசியம்’ என்று பெயர் சொல்லிப் பேசுவதே முறை என்று நாங்கள் கருதுகிறோம். உங்களிடம் நாங்கள் வேண்டுவது நான்கு.

‘உப்பு’ என்று யார் சொன்னாலும், ‘எந்த உப்பு?’ என்று தயங்காமல் கேளுங்கள். அது மரியாதைக் குறைவான கேள்வி அன்று.

ஒரு சிறு குறிப்பேட்டில் கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் என மூன்று வரிகளைத் தேதியோடு எழுதி வைத்து, வரும்போதெல்லாம் கொண்டுவாருங்கள்.

உப்புப் பாக்கெட்டின் பின்புறத்தைப் படியுங்கள். ‘பொட்டாசியம் குளோரைடு’ என்றிருந்தால், சிறுநீரக நோய் உள்ளவர் வீட்டுக்கு அதை வாங்குமுன் எங்களைக் கேளுங்கள். சோடியம் உப்பு டப்பாவில் மட்டும் இருப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். அப்பளம், கருவாடு, ஊறுகாய், சமையல் சோடா ஆகியவற்றிலும் அது உண்டு. நீரில் போட்டதும் நுரைக்கும் சில வலி மாத்திரைகளில், ஒரு மாத்திரைக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கிறது.

சிறுநீரக நோயாளிக்குத் திடீரெனக் கைகால் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, முதியவருக்குத் திடீரென நினைவு தடுமாறினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது, வீட்டில் பயன்படுத்தும் உப்புப் பாக்கெட்டையும் மருந்துப் பையோடு சேர்த்து எடுத்து வாருங்கள். அதன் பின்புறத்தை இருவருமாகச் சேர்ந்து படிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.